சீமைத் தக்காளிக்குக் கிடை போட்ட வருஷம்

நாற்றுப் பண்ணைக்குப் புதிதாக வேலைக்கு வந்திருக்கும் பிள்ளைகளே, உங்களை நான் கவனித்துக்கொண்டுதான் இருக்கிறேன். வாசலில் ஒருவர் வந்து நின்று, "தக்காளிக்கு என்ன உரம் போடலாம்?" என்று கேட்டால், அவர் வாய் மூடுவதற்குள் நீங்கள் பதில் சொல்லிவிடுகிறீர்கள். யூரியா இவ்வளவு, பொட்டாஷ் இவ்வளவு என்று வரிசையாக வருகிறது. கேட்கச் சந்தோஷமாகத்தான் இருக்கிறது. ஆனால் "எந்தத் தக்காளிக்கு?" என்று உங்களில் ஒருவரும் திருப்பிக் கேட்டு நான் பார்க்கவில்லை.

அந்த ஒரு கேள்வியை நான் கற்றுக்கொண்ட வருஷத்தைப் பற்றி எழுதித் தருகிறேன். கூட்டத்தில் பேசச் சொன்னீர்கள். நாலு பேர் முகத்தைப் பார்த்துப் பேசுவது எனக்கு இன்றைக்கும் வராது. எழுதினால் வரும். அந்த வருஷம் நான் ஜெயித்தேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசியில் என்ன ஆகுமோ என்று பயந்துகொண்டு படிக்க வேண்டாம். எப்படி என்பதை மட்டும் பாருங்கள்.

இரண்டாவது உலகச் சண்டை நடந்துகொண்டிருந்த காலம். நான் மேலூர்ப் பக்கம் பிறந்து, நாகமலை அடிவாரத்தில் வாழ்க்கைப்பட்டவள். நாகமலைப் புதுக்கோட்டையிலிருந்து மேற்கே நடந்தால் எங்கள் ஊர். செம்மண் பூமி. ஒரு கிணறு, அதன் இருபுறமும் இரண்டு தோட்டம். கிழக்குத் தோட்டம் என் வீட்டுக்காரரின் அண்ணனுக்கு, மேற்குத் தோட்டம் எங்களுக்கு. கல்யாணமாகிக் கொஞ்ச காலத்திலேயே என் வீட்டுக்காரர் பட்டாளத்துக்குப் போய்விட்டார். வீட்டில் நானும் மாமியாரும்தான்.

அண்ணன்காரர், அதாவது என் மூத்தார், ஒரு நாள் வந்து மாமியாரிடம் பேசினார். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன்.

"ஆத்தா, ஒத்தப் பொம்பள தோட்டத்தக் கட்டிக் காப்பாத்த முடியாது. தம்பி வர்ற வரைக்கும் அவ மேலூருல அவுக அப்பன் வீட்டுல இருக்கட்டும். ரெண்டு பங்கையும் சேத்து நான் பருத்தி போட்டுக்கிறேன். தம்பி வந்தா அவன் பங்கு அவனுக்கு."

கெட்ட மனுஷர் இல்லை. சொன்னதைச் செய்கிறவர். ஆனால் எனக்குப் போக மனசில்லை. பிறந்த வீட்டில் எனக்குச் சோறு கிடைக்கும். அண்ணன் பெண்டாட்டிகள் போட்டால் சாப்பிடுகிற சோறு. என் வீட்டுக்காரர் எப்போது வருவார் என்று யாருக்கும் தெரியாது. அதுவரை அந்த அடுப்படி ஓரத்தில் உட்கார்ந்திருக்க என்னால் முடியாது.

"ஒரு வெள்ளாம பாத்துட்டுச் சொல்லச் சொல்லுங்கத்தே" என்று கதவுக்குப் பின்னாலிருந்தே மாமியாரிடம் சொன்னேன்.

மூத்தார் யோசித்தார். "சரி ஆத்தா. மாசிச் சிவராத்திரிக்குக் குலசாமி கும்பிடப் போவோம்ல, அங்க பங்காளிக இருப்பாக. அதுக்குள்ள தோட்டம் ஒழுங்கா வெளஞ்சா அவளே பாத்துக்கிரட்டும். இல்லேன்னா அங்க வச்சே பேசி முடிச்சிருவோம்."

இப்படித்தான் அந்தத் தோட்டம் மாசி வரைக்கும் என் கைக்கு வந்தது.

உங்களுக்கு ஒரு விஷயம் சொன்னால்தான் மற்றது புரியும். மூத்தாருக்கும் தம்பி பெண்டாட்டிக்கும் எங்கள் பக்கம் நேர்ப்பேச்சு கிடையாது. எதிரே வந்தால் நான் ஒதுங்கி நிற்க வேண்டும். அவர் கை என்மேல் தவறிக்கூடப் படக் கூடாது. ஆனால் கிணற்றில் அவர்தான் காளைகளை ஓட்டிக் கமலையில் தண்ணீர் இறைப்பார். நான்தான் மண்வெட்டியோடு நின்று தண்ணீரைப் பாத்திக்குப் பாத்தி திருப்புவேன். பேசாமல் இந்த வேலை நடக்குமா? அதனால் சொல்ல வேண்டியதை மாட்டிடம் சொல்வேன். "இந்தா காள, பாத்தி நெறஞ்சிருச்சு, நில்லு" என்பேன். காளை நிற்காது. மூத்தார் நிறுத்துவார். வழிப்போக்கர் யாராவது பார்த்தால் சிரித்துவிட்டுப் போவார்கள். எங்களுக்கு அது சிரிப்பாகத் தெரிந்ததே இல்லை.

சீமைத் தக்காளி விதை வந்த கதை இப்போது. மதுரைப் பட்டணத்துக்குள் காய்கறி வியாபாரம் செய்த ராவுத்தர் ஒருவர் எங்கள் ஊருக்கு வண்டி கொண்டுவருவார். மூத்தாரை அவர் மாப்ள என்பார், மூத்தார் அவரை மாமா என்பார்.

"மாப்ள, பெங்களூர்ல இருந்து ரயில்ல வர்ற சீமத் தக்காளி பாதி வழியிலயே கூழாப் போயிருது. சண்டையில சரக்கு வண்டியும் சரியா வர்றதில்ல. ஆஸ்பத்திரிக்காரரும் வெள்ளக்கார வீட்டு பட்லரும் என் கழுத்தப் புடிக்கிறாக. இங்கனயே போட்டா என்ன?"

"நம்ம மண்ணுலயா மாமா? குப்ப மேட்டுல தன்னால மொளைக்குமே நாட்டுத் தக்காளி, அத வேணா அள்ளிட்டுப் போங்க."

"அதக் கொண்டுவரத்தான் ஊருப்பட்ட ஆளு இருக்கே. சீமப் பழம் போட்டா நான் உன் வாசல்ல வந்து படுத்துக்கிறேன், போடுறியா?"

மூத்தார் சிரித்து மறுத்துவிட்டார். நான் மாமியாரை ராவுத்தரிடம் அனுப்பி அந்த விதையை வாங்கி வரச் சொன்னேன். நாட்டுத் தக்காளி சின்னது, வரிவரியாக மடிப்பு விழுந்தது, புளிப்பு. சீமைத் தக்காளி உருண்டையாக, வழுவழுவென்று, ஒரு கை நிறைய இருக்கும் என்று ராவுத்தர் சொன்னார். தோட்டத்தில் பாதி நாடு, பாதி சீமை என்று முடிவு செய்தேன்.

மூத்தாருக்கு இது தெரிந்ததும் என்ன செய்தார் தெரியுமா? கிடை போட்டார். உங்களில் பட்டணத்துப் பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன்: மேய்ச்சல்காரர்களின் ஆட்டு மந்தையை ராத்திரியில் வயலிலேயே மடக்கிப் படுக்க வைப்பதுதான் கிடை. புழுக்கையும் மூத்திரமும் மண்ணில் நேராக இறங்கும். எங்கள் பக்கம் அதற்கு மேல் ஓர் எரு இல்லை. கிடை எந்த வயலில் முதலில் விழுகிறது என்பது ஊரில் ஒரு மரியாதை.

"தம்பி பங்குன்னு நான் கை விட்டுட்டேன்னு எவனும் சொல்லிரக் கூடாது. மொதக் கெட அவ தோட்டத்துக்கு. புது வெத வந்திருக்கு, விருந்தாளி மாதிரி. நல்லாப் போடச் சொல்லு" என்று மாமியாரிடம் சொன்னார். வழக்கமாகப் போடுவதைவிடக் கூடுதலாகவே மந்தை எங்கள் தோட்டத்தில் கிடந்தது.

ஒரு மூலையில் மட்டும் ஆடு படுக்கவில்லை. மாமியார் நெல் அவிக்கும் அடுப்பு அந்த மேட்டு மூலையில் இருந்தது. வருஷக்கணக்காகச் சாம்பல் கொட்டிக் கிடந்த இடம். மந்தைக்காரர் வந்து, "அங்க ஆடு ஒக்காராது ஆத்தா. சாம்பல்ல எந்திரிச்சு எந்திரிச்சு நிக்கும்" என்று சொல்லிவிட்டு அந்த மூலையைத் தள்ளிப் பட்டியை அடைத்தார். நடவின்போது மிஞ்சிய சீமை நாற்றை நான் அங்கேயும் ஊன்றினேன். வீணாகப் போட மனசில்லை, அவ்வளவுதான்.

மழை முடிவதற்குள் சீமைத் தக்காளி எழுந்து நின்ற அழகை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். தண்டு கட்டைவிரல் பருமன். இலை கறுத்த பச்சை. வரப்பில் போகிறவர்கள் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். மாமியார் கண்ணேறு கழிக்கச் சட்டியில் புள்ளி வைத்துக் கம்பில் கவிழ்த்தார். மூத்தார் கமலை இறைத்துக்கொண்டே மாட்டிடம், "பாத்தியா, கெடன்னா கெடதான்" என்றார். நெல் விளையும் ஊரில் பிறந்த எனக்கும் பச்சை கறுத்தால் நெஞ்சு நிறையும். ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை.

பூ வந்தது. வந்த பூ நிற்கவில்லை. தக்காளிப் பூவின் காம்பில் நடுவே ஒரு கணு இருக்கும், பார்த்திருப்பீர்கள். அந்தக் கணு மஞ்சளாகும், மறுநாள் தொட்டால் உதிரும். காலையில் பாத்திக்குள் இறங்கினால் மண்ணெல்லாம் மஞ்சள் பூ. பக்கத்திலேயே நாட்டுத் தக்காளி. அதே கிடை, அதே தண்ணீர். அதுவும் புதராகத்தான் படர்ந்தது, ஆனால் கொத்துக் கொத்தாகக் காய்த்துத் தள்ளியது. சீமையில் மட்டும் ஒரு பிஞ்சு இல்லை.

ராவுத்தர் வண்டியை நிறுத்திவிட்டுப் பார்க்க வந்தார். தோட்டத்து நடுவில் நின்று சுற்றிலும் பார்த்தார்.

"மாஷா அல்லா! என்ன மாப்ள, தக்காளின்னு வெத குடுத்தேன், கீரத் தோட்டம் போட்டு வச்சிருக்கீக?"

மூத்தாருக்கு முகம் சுருங்கியது. "பூ கொட்டுது மாமா. செடிக்கு வலு பத்தல போல."

"இதுக்கு மேல வலுவா? ஆட்டக் கட்டிப் போட்டா ஆடு காணாமப் போயிரும் உள்ள."

அந்தக் கிண்டல் மூத்தாரை உறுத்தியிருக்க வேண்டும். இரண்டொரு நாளில் பட்டணத்துக்குப் போய், யார் யாரையோ பிடித்து, ஒரு மூட்டை சீமை உப்பு கொண்டுவந்துவிட்டார். வெள்ளை வெளேரென்று சர்க்கரை மாதிரி இருக்கும். இன்றைக்கு நீங்கள் அமோனியம் சல்பேட் என்கிறீர்கள். சண்டைக் காலத்தில் அது கிடைப்பதே அபூர்வம். நெல்லுக்குப் போட்டால் வாரத்தில் பயிர் கறுக்கும். அதைத் தோட்டத்து வாசலில் இறக்கி வைத்து, "ஆத்தா, நாளைக்கு வேருல வைக்கச் சொல்லு. பூ நின்னுரும்" என்றார். மாமியாருக்குக் கண் கலங்கிவிட்டது. தம்பி குடும்பத்துக்காக அண்ணன் அலைந்து கொண்டுவந்தது அல்லவா?

மறுநாள் காலையில் மாமியாருக்குப் பதிலாக நான் அடுப்புச் சாம்பலைக் கொட்ட அந்த மேட்டு மூலைக்குப் போனேன். மிஞ்சிய நாற்றை ஊன்றிய பிறகு அந்தப் பக்கம் நான் சரியாகத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மேடு என்பதால் தண்ணீரும் சரியாக ஏறாது. செடி முழங்கால் உயரம்தான். இலை வெளுத்து, சிறுத்து, பார்க்கவே ஏழையாக இருந்தது. குனிந்து சாம்பலைக் கொட்டும்போது கையில் ஏதோ இடித்தது.

காய்.

இலையை விலக்கினேன். எலுமிச்சை அளவில் ஒன்று, அதன் பக்கத்தில் இன்னொன்று, அடுத்த கொத்தில் பிஞ்சுகள். அடுத்த செடியிலும். அந்த மூலையில் நின்ற அத்தனை செடியிலும். அப்படியே சாம்பல் மேட்டில் உட்கார்ந்துவிட்டேன்.

இந்த இடத்தை நிதானமாகப் படியுங்கள். அந்த மூலைக்கும் மற்ற தோட்டத்துக்கும் மூன்று வித்தியாசம். அங்கே கிடை விழவில்லை. அங்கே சாம்பல் இருந்தது. அங்கே தண்ணீர் குறைவு. இதில் எது காய் பிடிக்க வைத்தது? எனக்குத் தெரியாது. ஒவ்வொன்றாகச் செய்து பார்த்தால் தெரியும். ஆனால் அதற்குள் பருவம் போய்விடும், மாசி வந்துவிடும். போட்ட கிடையை மண்ணிலிருந்து திருப்பி எடுக்கவும் முடியாது. ஒன்று மட்டும் நிச்சயமாகத் தெரிந்தது: செடிக்குப் பசி இல்லை. தின்று தின்று இலையாக்கிக்கொண்டிருக்கிறது. அதற்கு மேலும் ஊட்டினால் இலைதான் வரும். அதனால் சீமை உப்பு வைக்கக் கூடாது. சாம்பல் வைக்க வேண்டும். தண்ணீரை நிறுத்த வேண்டும். வீணாக ஓடும் பக்கக் கிளைகளைக் கிள்ள வேண்டும். எல்லாவற்றையும் சேர்த்தே செய்துவிடுவது என்று அங்கேயே முடிவெடுத்தேன். காரணம் முழுசாகத் தெரியும் வரை காத்திருக்க முடியாத நாள் உங்களுக்கும் வரும். அப்போது எது நிச்சயம், எது ஊகம் என்று மனசுக்குள் பிரித்து வைத்துக்கொண்டு கையை வையுங்கள்.

முடிவெடுப்பது சுலபம். மூட்டையோடு நிற்கிறவரிடம் சொல்வதல்லவா கஷ்டம்.

மூத்தார் கமலையில் காளைகளைப் பூட்டிக்கொண்டிருந்தார். நான் காளையின் பக்கம் போய் நின்றேன்.

"இந்தா காள, இந்த உப்பு சீமத் தக்காளிக்கு வேணாம். ஏற்கெனவே செடி தின்னு கொழுத்துப் போயிருக்கு."

அவர் காளையைப் பார்த்தே கேட்டார். "ஏன், எம் பொருளு வேண்டாமாமா?"

"அப்படிச் சொல்லல. நாட்டுத் தக்காளி ஓரத்துல ரெண்டு வரிசைக்கு வைக்கட்டும். அது தாங்கும்."

அவர் கமலை வடத்தில் ஏறி உட்கார்ந்தார். மனசு வருத்தப்பட்டது தெரிந்தது. ஆனாலும் நாட்டுத் தக்காளியில் இரண்டு வரிசைக்கு வைத்தார். நாட்டுச் செடி அதையும் தாங்கிக் காய்த்தது என்பது உண்மை. ஆனால் அந்த இரண்டு வரிசைப் பழம் மட்டும் தோல் மெலிந்து, தண்ணீர்ப் பையாகி, வண்டி போய்ச் சேருவதற்குள் வெடித்தது. தாங்குவது வேறு, நன்றாக இருப்பது வேறு என்று அதில் தெரிந்துகொண்டேன்.

அடுத்த தடவை ராவுத்தர் வந்தபோது மாமியாரைக் கேட்க வைத்தேன்.

"சாம்பலா?" ராவுத்தருக்குக் காது சரியாகக் கேட்டதா என்றே சந்தேகம். "ஏக்கா, என்கிட்ட முன்பணம் கேப்பாக, கூடை கேப்பாக, சாக்கு கேப்பாக. ஒங்க மருமக சாம்பல் கேக்குதா?"

"ஆமாப்பா. வெறகுச் சாம்பல். எம்புட்டு இருந்தாலும் வேணுமாம்."

"எங்க தெருவுல கல்யாணச் சமையக் கூடம் இருக்கு. புளியங்கட்டச் சாம்பல் மல மாதிரி கெடக்கு, அள்ளுறதுக்கு ஆளத் தேடுறாக. தங்கச்சிக்கு இல்லாத சாம்பலா? காலி வண்டியாத்தான வாரேன், ஏத்திட்டு வாரேன்."

அதன் பிறகு மதுரையில் யார் வீட்டிலெல்லாமோ பிரியாணி வெந்த அடுப்பின் சாம்பல் எங்கள் செடி வேருக்கு வந்து சேர்ந்தது.

ஒன்று குறித்துக்கொள்ளுங்கள். சாம்பலையும் சீமை உப்பையும் ஒன்றாகக் கலக்கவே கூடாது. கலந்தால் மூக்கைத் துளைக்கும் நெடி வரும். உப்பில் இருக்கும் சத்து காற்றில் போகிறது என்று அர்த்தம்.

சாம்பலை வைத்து, சாம்பல் நனையும் அளவுக்குக் கொஞ்சம் தண்ணீர் காட்டி, அதோடு சீமைப் பாத்திகளுக்குத் தண்ணீரை நிறுத்தினேன். கிளை கிள்ளும்போது மாமியார் பக்கத்தில் நின்று பதறினார். "பச்சப் புள்ள வெரல ஒடிக்கிற மாதிரி ஒடிக்கிறியேடி!" நான் கிள்ளிக்கொண்டே போனேன். மழை ஓய்ந்து வெயில் அடித்தது. செம்மண் சீக்கிரம் காயும். செடி உச்சி வெயிலில் தலையைத் தொங்கப் போட ஆரம்பித்தது.

வரப்பில் போகிறவர்கள் இப்போதும் நின்று பார்த்தார்கள். பேச்சுத்தான் மாறியிருந்தது. "பட்டாளத்தான் பொண்டாட்டிக்கு என்ன கோவமோ, செடி மேல காட்டுறா" என்று ஒருத்தி எனக்குக் கேட்கும்படியே சொல்லிவிட்டுப் போனாள்.

ஒரு நாள் மத்தியானம். மூத்தார் கமலை இறைக்கிறார். நான் தண்ணீரை நாட்டுத் தக்காளிக்கு விட்டுக்கொண்டிருக்கிறேன். சீமைச் செடிகள் துவண்டு கிடந்தன. அவர் எத்தனை நாள் பொறுத்தாரோ, அன்றைக்குப் பொறுக்கவில்லை. காளைகளை நிறுத்தினார். மண்வெட்டியை எடுத்துக்கொண்டு நேராக வந்தார்.

"ஆத்தா! இங்க வா! கண்ணு முன்னால வெள்ளாமையக் கொல்றா இவ. நான் பாத்துக்கிட்டு இருக்கணுமா?"

சீமைப் பாத்திகளுக்குத் தண்ணீர் ஏற ஒரே ஒரு வாய்தான் உண்டு. மற்ற பக்கமெல்லாம் மேட்டு வரப்பு. அந்த மடையை வெட்டத்தான் அவர் வந்தார். அன்றைக்குத் தண்ணீர் பாய்ந்திருந்தால் அத்தனை நாள் காயப்போட்டது வீண். செடி மறுபடி இலையில் இறங்கிவிடும். அதை அவருக்கு விளக்க எனக்கு வாய் இல்லை, நேரமும் இல்லை. நான் போய் மடை வாயில் உட்கார்ந்துவிட்டேன். சேற்றில், சேலையோடு.

அவர் நின்றுவிட்டார். என்ன செய்வார்? என்னை விலக்க வேண்டுமானால் தொட வேண்டும். என்னைத் தொட முடியாது. மண்வெட்டியை ஓங்கவும் முடியாது. பேச்சை அடக்கிய அதே வழக்கம் அன்றைக்கு எனக்குக் கோட்டைச் சுவராக நின்றது. மாமியார் மூச்சிரைக்க ஓடிவந்தார்.

"ஆத்தா, எந்திரிக்கச் சொல்லு அவள!"

"எந்திரி புள்ள. நல்லாவா இருக்கு?"

"மாட்டேன்" என்றேன். அது மாமியாருக்குச் சொன்னது. அதற்கடுத்து வந்ததெல்லாம் மூத்தாருக்கு, நேராக. எப்படி வந்தது என்று இன்றுவரை தெரியாது. "எல வாடுது, செடி சாகல. சாகுற செடி காலையிலயும் நிமிராது. நாளைக்குக் காலையில வந்து பாருங்க. நிமிந்து நின்னா மடையத் தொடாதீக. நிமிராட்டி நானே வெட்டி விடுறேன், மேலூருக்கும் போயிர்றேன்."

சொல்லி முடித்தபோதுதான் என் குரல் எனக்கே கேட்டது. மாமியார் வாயில் கை வைத்துக்கொண்டு நின்றார். மூத்தார் என்னைப் பார்க்காமல், துவண்ட செடிகளைப் பார்த்தார். "காலையில" என்றார். மண்வெட்டியை வரப்பில் சாத்தி வைத்துவிட்டுப் போனார்.

மறுநாள் விடிந்ததும் போனேன். எனக்கு முன்னால் அவர் வந்திருந்தார். காளைகள் பூட்டாமல் நின்றன. சீமைப் பாத்தி முழுக்கச் செடிகள் நிமிர்ந்து நின்றன, அத்தனை இலையும் விரிந்து. அவர் காளையின் கழுத்தைத் தட்டிக்கொடுத்து, "நிமிந்துதான் நிக்கிது" என்றார். மாட்டிடம்தான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் மரியாதை இல்லை என்று முந்தானையை வாயில் வைத்துக்கொண்டேன்.

உங்களுக்கும் இது உதவும். உச்சி வெயில் வாட்டத்தைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். விடிகாலையில் செடி எப்படி நிற்கிறதோ, அதுதான் அதன் உண்மையான நிலை.

அதற்குப் பிறகு வந்த பூக்களின் கணு பச்சையாகவே இருந்தது. ஒரு நாள் பார்த்தேன், இரண்டு நாள் பார்த்தேன், உதிரவில்லை. பூ சுருங்கி அதன் அடியில் பச்சைக் குண்டூசித் தலை மாதிரி ஒன்று தெரிந்தது. பிறகு பட்டாணி. பிறகு நெல்லிக்காய். காய் பிடித்தது உறுதியானதும் அளவாகத் தண்ணீர் விட ஆரம்பித்தேன். மடையை நான்தான் வெட்டினேன், மூத்தார் கமலையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். தை பிறந்து கொஞ்ச நாளில் பழம் சிவந்தது. பாரம் தாங்காமல் கிளை சாய, குச்சி ஊன்றிக் கட்டினோம். மூத்தாரே வேலியில் கிளுவைக் குச்சி ஒடித்துக் கொண்டுவந்து போட்டார்.

முதல் பறிப்புக்கு வந்த ராவுத்தர் கூடைக்குள் கை விட்டு ஒரு பழத்தை எடுத்து, உருட்டி, முகர்ந்து, மறுபடி உருட்டினார்.

"என்ன மாமா, கீரக் கட்டு நல்லா இருக்கா?" என்றார் மூத்தார்.

"மாப்ள, அன்னைக்குச் சொன்னதுக்கு என் வாயில நீயே மண்ண அள்ளிப் போடு, வாங்கிக்கிறேன்" என்றார் ராவுத்தர். "இத எடுத்துட்டுப் போயி நாகமலைப் பழம்னு சொன்னா அந்த பட்லரு நம்பாம என்னைய அடிக்க வருவான்."

அடுத்த வண்டிக்கு வந்தபோது அவரே இறங்கியதும் இறங்காததுமாகக் கத்தினார். "தங்கச்சி! அந்தாளு பெங்களூர்ப் பழமான்னு கேட்டான். இல்லய்யா, நாகமலைன்னேன். இனிமே பெங்களூர்ப் பழம் கொண்டுவராதன்னுட்டான்!"

அடுத்தடுத்த வருஷங்களில்தான் அந்த மூன்று வித்தியாசத்தையும் தனித்தனியாகப் பிரித்துப் பார்த்தேன். ஒரு பாத்திக்குக் கிடை மட்டும், ஒன்றுக்குக் கிடையோடு தண்ணீரைக் குறைத்து, ஒன்றுக்குச் சாம்பல் மட்டும், ஒன்றுக்கு மக்கின குப்பையும் சாம்பலும். கெடுத்தது கிடையின் வீரியம்தான். அதோடு தண்ணீரும் சேர்ந்தால் இலை தலைகால் தெரியாமல் ஓடும். சாம்பல் பூவையும் காயையும் நிறுத்த உதவியது, ஆனால் தனியாகப் போட்டால் செடி சவலையாக நின்றது. சீமைக்கு நன்றாக மக்கின குப்பையும் சாம்பலும் சேர்ந்து ஒத்துக்கொண்டது. நாட்டுத் தக்காளிக்குப் பழைய கிடை மண்ணே போதும். பின்னால் முட்டை வடிவத்தில் ஒரு ரகம் வந்தது. அது இரண்டுக்கும் நடுவே நின்று ஆமணக்குப் பிண்ணாக்கு கேட்டது. ஒவ்வொன்றுக்கும் ஒரு வயிறு. நல்ல எரு, கெட்ட எரு என்று தனியாக ஒன்றும் இல்லை. எந்தச் செடிக்கு, எந்த நேரத்தில் என்பதுதான். கறுத்த இலையைப் பார்த்துச் சந்தோஷப்படுவதற்கு முன்னால் பூக்காம்பைப் பார்த்துவிடுங்கள்.

மாசிச் சிவராத்திரி வந்தது. பங்காளி வீட்டு ஆண்களெல்லாம் குலசாமி கோயில் ஆலமரத்தடியில் உட்கார்ந்திருந்தார்கள். பெண்கள் இந்தப் பக்கம் பொங்கல் வைத்துக்கொண்டிருந்தோம். அன்றைக்குத்தான் என் தோட்டத்தைப் பற்றிப் பேசி முடிக்க வேண்டும். கை அடுப்பில் விறகைத் தள்ளியது. காது முழுக்க ஆலமரத்தடியில்தான்.

பேச்சு மழையில் ஆரம்பித்து, சண்டைக்குப் போய், பருத்திக்கு வந்தது. மூத்தார் எழுந்தார். எல்லோர் முன்னாலும் பெண்கள் பக்கம் திரும்பி, மாட்டையும் கூப்பிடாமல், தாயையும் கூப்பிடாமல், என்னைப் பார்த்தே கேட்டார்.

"இந்தாம்மா, வர்ற ஆடியில கெழக்குத் தோட்டத்துலயும் பாதி சீமத் தக்காளி போடலாம்னு இருக்கேன். மந்தைக்காரரு கெட போடவான்னு கேக்குறாரு. என்ன சொல்லட்டும்?"

ஆலமரத்தடியே திரும்பிப் பார்த்தது. என் முகம் அடுப்பைவிடச் சூடாக இருந்தது. ஆனாலும் சொன்னேன், எல்லோருக்கும் கேட்கிற மாதிரியே சொன்னேன். "பருத்தி போடுற பாதிக்குப் போடுங்க. தக்காளிக்கு வேணாம். அதுக்கு நான் குப்ப தாரேன்."

"சரி" என்று உட்கார்ந்தார்.

ஒரு பங்காளி அவரிடம், தன் வீட்டுக் கத்திரிக்கும் பூ கொட்டுகிறதே என்று ஆரம்பித்தார். இன்னொருவர் சாம்பல் எங்கே கிடைக்கும் என்று கேட்டார். மேற்குத் தோட்டத்தை யார் பார்ப்பது என்ற பேச்சை அன்றைக்கு ஒருவரும் எடுக்கவே இல்லை. பொங்கலை இறக்கிச் சாமிக்குப் படைத்ததும் நான் மாமியாரிடம் சொல்லிக்கொண்டு முன்னாலேயே கிளம்பிவிட்டேன். தோட்டத்தில் பறிப்பு இருந்தது.